குருதியின் குற்றமன்று, உணவின் குற்றம்

அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வமிசத்தாரிடையே பெருங்குடற் புற்றுநோய் மிகுதி. தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகளிடையே மிக அரிது. இரு சாராரும் ஆப்பிரிக்க வமிசத்தவரே. பின் இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

டாக்டர் ஓகீஃப் முதலிய நிபுணர்கள் 2015-ம் வருஷத்தில் இதற்கு விடை பகர்ந்தனர். பிட்ஸ்பர்க் நகரத்தார் 20 பேர், கிராமவாசிகள் 20 பேர் ஆகியோரின் உணவை இரண்டு வாரம் மாற்றினர். நகரத்தாருக்கு மக்காச்சோளமும் பயறும். கிராமத்தாருக்கு மாமிசமும் கொழுப்பும்.

குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. குடற்சுவருக்கு அதுவே ஆகாரம். நகரத்தாரிடம் அது இரு மடங்குக்கு மேல் பெருகியது, அழற்சி தணிந்தது. கிராமத்தாரிடம் பாதியாய்க் குறைந்தது, அழற்சி மூண்டது.

இரண்டு வாரத்தில் புற்றுநோய் வந்துவிடவில்லை; அபாயத்தின் அறிகுறிகளே மாறின. ஆயினும் இனத்தின்மேல் பழி சுமத்துவோர்க்கு இது தக்க பதிலாகும். ஏழைக்கு எது மலிவோ அதுவே அவன் உணவு. ஆகவே, நாவையடக்கு என்று அவனுக்கு உபதேசிப்பது மட்டும் போதாது; நல்லுணவு மலிவாய்க் கிடைக்கச் செய்வது ஆள்வோரின் கடமையாகும்.