‘ரெடி டூ... டேக் டூ!’ - டி.வி ஸ்டூடியோவில் நிகழ்ச்சி தயாரிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

டி.வி-யில் ஓர் அரை மணி நேரப் பேட்டி ஓடுகிறது. தொகுப்பாளர் கேள்வி கேட்கும்போது திரையில் அவர் முகம். விருந்தினர் பதில் சொல்லத் தொடங்கியதும் அவர் முகம். இருவரும் சேர்ந்து சிரிக்கும்போது இருவருமே தெரிகிறார்கள். அரை மணி நேரத்தில் படம் எத்தனை முறை மாறியது என்று கேட்டால், வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. அப்படி யாரும் கவனிக்கவில்லை என்றால், உள்ளே வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

விஸ்காம், மீடியா படிப்புகளில் சேரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேமரா மீதான ஆசையோடுதான் வருகிறார்கள். ஸ்டூடியோ வகுப்பு தொடங்கியதும் பலருக்கு ஓர் அதிர்ச்சி. கேமராவை இயக்க சில நாள்களில் பழகிவிடலாம். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி யோசிக்கும்படி பேசுவதும், அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும்தான் மாதக்கணக்கில் பழக வேண்டியவை.

ஒரு நிகழ்ச்சி, இரண்டு அறைகள்

ஸ்டூடியோ என்றதும் நினைவுக்கு வருவது விளக்குகள் தொங்கும் பெரிய அறை. அது பாதிதான். அதை ‘ஃப்ளோர்’ என்கிறார்கள். செட், கேமராக்கள், மைக், தொகுப்பாளர், விருந்தினர் எல்லாம் அங்கே. மீதிப் பாதி, பி.சி.ஆர் எனப்படும் கட்டுப்பாட்டு அறை. ஒவ்வொரு கேமரா பார்ப்பதையும் தனித்தனியாகக் காட்டும் மானிட்டர்கள் அங்கே இருக்கும். அவற்றின் முன்னால் நிகழ்ச்சியின் இயக்குநர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில், ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்குப் படத்தை மாற்றும் விஷன் மிக்ஸர். ஒலிப்பதிவாளர், பெயர் எழுத்துகளைப் போடும் கிராஃபிக்ஸ் கலைஞர், எல்லா கேமராக்களிலும் நிறமும் வெளிச்சமும் ஒன்றுபோல வரும்படி பார்த்துக்கொள்ளும் பொறியாளர் என ஒரு கூட்டமே இருக்கும்.

இரண்டு அறைகளையும் இணைப்பது ‘டாக்பேக்’. இயக்குநரின் குரல் ஹெட்செட் வழியாக எல்லோருக்கும் போய்ச் சேரும். ஃப்ளோரில் இயக்குநரின் கண்ணும் கையுமாக இருப்பவர் ஃப்ளோர் மேனேஜர். விருந்தினரிடம் “இன்னும் ஒரு நிமிஷம் சார், ஆரம்பிச்சிடலாம்” என்று சிரித்த முகத்தோடு சொல்பவர் அவர்தான். உள்ளே இயக்குநர் பதறினாலும், அந்தப் பதற்றத்தை விருந்தினர் வரை கொண்டுபோகாமல் இருப்பது அவர் வேலை.

தயாரிப்பாளரின் வேலை இதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிடும். என்ன தலைப்பு, யாரை அழைப்பது, எவ்வளவு செலவு, எத்தனை நிமிடம் என்று முடிவு செய்பவர் அவர். தூர்தர்ஷனில் தயாரிப்பாளரே பி.சி.ஆர்-ல் அமர்ந்து இயக்குவதும் உண்டு. தனியார் சேனல்களில் இவை பெரும்பாலும் தனித்தனிப் பொறுப்புகள்.

ரீடேக் இல்லாத காலத்தில் பிறந்த விதிகள்

சினிமாவில் ஒரே கேமராவை வைத்துப் பல முறை எடுத்து, பிறகு எடிட்டிங்கில் ஒட்டலாம். டி.வி அப்படித் தொடங்கவில்லை. 1936 நவம்பர் 2-ம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து பி.பி.சி தன் டி.வி சேவையைத் தொடங்கியபோது, வீடியோவைப் பதிவு செய்ய டேப்பே கிடையாது. ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ டேப் ரெக்கார்டர் 1956-ல்தான் வந்தது. அதுவரை ஸ்டூடியோவில் நடந்தது பெரும்பாலும் நடந்தபடியே வீடுகளுக்குப் போனது. பல கேமராக்களை வைத்துக்கொண்டு, எடிட்டிங்கை அந்த நொடியிலேயே செய்தாக வேண்டிய கட்டாயம். ‘ரெடி’ சொல்லிவிட்டு ‘டேக்’ சொல்வது, ஒளிபரப்பில் இருக்கும் கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிவது போன்ற பழக்கங்கள் இந்த அவசரத்தைச் சமாளிக்க வந்தவைதான்.

இந்தியாவில் டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று டி.வி வந்தது. 1976 ஏப்ரலில் தூர்தர்ஷன் தனியாகப் பிரியும்வரை டி.வி, அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. குரலை மட்டும் நம்பிப் பழகிய துறை, படத்தையும் கற்க வேண்டியிருந்தது. அதற்கான பயிற்சிப் பிரிவு 1971-ல் டெல்லியில் தொடங்கி, 1974-ல் புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரிக்கு மாறியது. ‘வயலும் வாழ்வும்’, ‘எதிரொலி’, வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, அவற்றின் பின்னால் ஒரு கட்டுப்பாட்டு அறை இருந்ததே தெரிந்திருக்காது.

முதல் பாடம்: மூன்று கேமரா பேட்டி

உலகின் பல பயிற்சிக்கூடங்களில் ஸ்டூடியோ பாடம் தொடங்குவது இதில்தான். இரண்டு நாற்காலிகள், மூன்று கேமராக்கள், ஐந்து நிமிடப் பேட்டி. கேட்க எளிது.

இடப்பக்க கேமரா வலப்பக்கம் இருப்பவரை எடுக்கும். வலப்பக்க கேமரா இடப்பக்கம் இருப்பவரை எடுக்கும். நடுவில் இருப்பது இருவரையும் சேர்த்துக் காட்டும். பேசும் இருவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்ததாகக் கற்பனை செய்துகொண்டால், மூன்று கேமராக்களும் அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு கேமரா கோட்டைத் தாண்டிவிட்டால், திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரியும். ஒருவரோடு ஒருவர் பேசுவதாகவே தோன்றாது.

முதல் முறை இயக்குநர் நாற்காலியில் உட்காரும் மாணவர் செய்யும் தவறு அநேகமாக ஒன்றுதான். படங்களைப் பார்த்துக்கொண்டே, பேச்சைக் கேட்க மறந்துவிடுவார். விருந்தினர் வாயைத் திறந்த பிறகு கேமராவை மாற்றச் சொல்வார். அதற்குள் முதல் இரண்டு வார்த்தைகள் தொகுப்பாளரின் முகத்தின் மேல் ஓடிவிடும். பழகியவர்கள் மூச்சைக் கேட்கிறார்கள். பதில் சொல்லப்போகிறவர் லேசாக முன்னால் சாய்வார்; ஒரு மூச்சு இழுப்பார். அங்கேயே ‘டேக்’ வந்துவிடும். “நாங்க அண்ணன் தம்பி மூணு பேரும்...” என்று ஒருவர் தொடங்கினால், அடுத்து இருவர் பக்கமும் அவர் கை நீளும் என்று ஊகித்து அகலமான ஷாட்டைத் தயாராக வைத்திருப்பார்கள். பேச்சின் பொருள் புரியாதவருக்குப் படத்தை எங்கே மாற்றுவது என்றும் தெரியாது.

‘டூ’ செய்யும் குழப்பம்

டாக்பேக்கில் பேசுவதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. முதலில் எச்சரிக்கை, பிறகு கட்டளை. ‘ரெடி டூ’ என்றால், இரண்டாம் கேமரா அசையாமல் நிற்க வேண்டும். விஷன் மிக்ஸரின் விரல் இரண்டாம் பட்டன் மேல் போக வேண்டும். ‘டேக்’ என்றதும் பட்டன் அழுத்தப்படும்.

இங்கே ஆங்கிலம் ஒரு வம்பு செய்கிறது. ‘ரெடி டு டேக் த்ரீ’ என்று யாராவது நீட்டி முழக்கினால், நடுவில் வரும் ‘டு’ இரண்டாம் கேமராவாகக் காதில் விழலாம். விஷன் மிக்ஸர் அவசரத்தில் இரண்டைத் தட்டிவிட்டால், அடுத்த ஷாட்டுக்காக நகர்ந்துகொண்டிருக்கும் இரண்டாம் கேமராவின் ஆடும் படம் வீடுகளுக்குப் போய்விடும். அதனால்தான் ‘ரெடி த்ரீ, டேக் த்ரீ’ என்று சுருக்கமாகச் சொல்லப் பழக்குகிறார்கள். ஒரு வார்த்தைகூட அதிகம் கூடாது.

இந்தியாவின் வழக்கத்தில் விநாடிக்கு 25 படங்கள். ஒரு படம் திரையில் நிற்கும் நேரம், விநாடியில் 25-ல் ஒரு பங்கு. கத்துவதால் அந்தக் கணத்தைப் பிடிக்க முடியாது. பதற்றமில்லாத, ஒரே அளவான குரல்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களின் கையை நிதானமாக வைத்திருக்கும்.

கடிகாரத்தைப் பின்னோக்கி எண்ணுதல்

நிகழ்ச்சி இரவு 8.28-க்கு முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியலுக்கு 40 விநாடி. தொகுப்பாளரின் நன்றியுரைக்கு 50 விநாடி. அப்படியென்றால் பேட்டி 8 மணி 26 நிமிடம் 30 விநாடிக்கு நின்றாக வேண்டும். இப்படிக் கடைசியிலிருந்து கணக்குப் போட்டு வருவதை ‘பேக் டைமிங்’ என்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பேசிக்கொண்டிருப்பவரிடம் சொல்வது ஃப்ளோர் மேனேஜரின் கை. இரண்டு விரல் காட்டினால் இரண்டு நிமிடம் பாக்கி. கையைச் சுழற்றினால் முடிக்கத் தொடங்கலாம். இரண்டு கைகளாலும் ரப்பரை இழுப்பதுபோலக் காட்டினால், நேரம் இருக்கிறது, இன்னும் பேசலாம். கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இதையும் கவனிக்கிறவர்தான் நல்ல தொகுப்பாளர்.

உடைக்கும் கணக்கு உண்டு. பின்னணியில் வேறு காட்சியைச் சேர்ப்பதற்காகப் பச்சைத் திரை வைத்திருக்கும் நாளில் விருந்தினர் பச்சைப் புடவையில் வந்துவிட்டால், புடவை இருக்கும் இடமெல்லாம் அந்தக் காட்சி தெரியும். நெருக்கமான மெல்லிய கோடுகள் போட்ட சட்டை, திரையில் அலை அலையாக நெளியும். முதல் நாளே போன் போட்டு, “பச்சை வேண்டாம் மேடம்” என்று சொல்லிவிடுவதும் தயாரிப்பு வேலைதான்.

அழுகிறவரின் முகத்துக்கு எவ்வளவு அருகில்?

பாடப்புத்தகம் முழுமையாகப் பதில் தராத கேள்வி இது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பேட்டியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குரல் உடைகிறது. மூன்று மானிட்டர்களில் ஒன்று மெதுவாக அவர் முகத்தை நெருங்குகிறது. அந்த ஷாட்டை எடுத்தால் பார்ப்பவர்கள் நகர மாட்டார்கள் என்பது அறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். எடுக்க வேண்டுமா, அகலமான ஷாட்டில் நின்று அவருக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டுமா? முடிவெடுக்க ஒரு விநாடிதான் இருக்கிறது.

ஒரு விநாடியில் நல்ல முடிவு தானாக வராது. அது முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்க வேண்டும். நிகழ்ச்சிக்கு முன்பே அந்தத் தாயிடம், “பேச முடியாமல் போனால் கையை உயர்த்துங்கள், நிறுத்திவிடுகிறோம்” என்று சொல்லலாம். “அவர் கலங்கினால் நடு கேமராவுக்குப் போய்விடுவோம்” என்று குழுவிடம் சொல்லி வைக்கலாம். குடும்பச் சண்டைகளையும் தனிமனிதத் துயரங்களையும் ஸ்டூடியோவுக்கு அழைத்து வரும் நிகழ்ச்சிகள் மீது எழுகிற விமர்சனங்களுக்கு, இந்த ஒரு விநாடியில் எடுத்த முடிவும் ஒரு காரணம்.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு. குழந்தையின் நலன் கருதி சிறப்பு நீதிமன்றம் அனுமதித்தால் மட்டுமே விலக்கு. நேரலையில் ஒருவர் பேச்சுவாக்கில் ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லிவிட்டால், அதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் விருந்தினரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று முன்பே விளக்குவது கட்டாயம். கேமரா கோணங்களைக் கற்கும் மாணவர், இதையும் அதே வகுப்பில் கற்க வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

புனே கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவில் இயக்கம், மின்னணு ஒளிப்பதிவு, வீடியோ எடிட்டிங், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படிப்புகள் உண்டு. சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இவை தவிர, கலைக் கல்லூரிகள் பலவற்றில் விஸ்காம் துறை இருக்கிறது. கட்டணம், தகுதி, தேர்வு முறை ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தனியார் நிறுவனத்தில் பணம் கட்டும் முன், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

* ஸ்டூடியோவோடு கட்டுப்பாட்டு அறையும் டாக்பேக்கும் இருக்கின்றனவா, அல்லது ஒரு கேமராவும் பச்சைத் திரையும் மட்டும்தானா?
* ஒரு மாணவர் ஆண்டுக்கு எத்தனை முறை இயக்குநர் நாற்காலியில் உட்காருவார்?
* கேமரா, ஒலி, விஷன் மிக்ஸர், ஃப்ளோர் மேனேஜர் என எல்லா வேலைகளிலும் மாற்றி மாற்றி நிற்க வைப்பார்களா?
* கடந்த ஆண்டு மாணவர்கள் முழுமையாகத் தயாரித்த நிகழ்ச்சியைப் பார்க்க முடியுமா?

இதில் மூன்றாவது கேள்வி முக்கியம். அரை மணி நேரம் கனமான கேமராவின் பின்னால் நின்று கால் வலித்த அனுபவம் இருப்பவர், நாளை இயக்குநரானால் தேவையில்லாமல் கேமராவை அலையவிட மாட்டார்.

வீட்டிலேயே பழகலாம்

பெரிய ஸ்டூடியோ இல்லாமலும் இதைத் தொடங்க முடியும். டி.வி-யில் ஒரு பேட்டியைப் பார்த்துக்கொண்டே, படம் எப்போது மாறும் என்று நினைக்கிறீர்களோ அப்போது மேஜையைத் தட்டிப் பாருங்கள். உங்கள் தட்டலும் திரையின் மாற்றமும் சேர்ந்து வரத் தொடங்கினால், காது பழகிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது, மூன்று போன்கள். தாத்தாவையோ பாட்டியையோ பத்து நிமிடம் பேட்டி எடுங்கள். மூன்று பேர் மூன்று பக்கங்களில் போனைப் பிடிக்கட்டும். நான்காமவர் ஒவ்வொரு போனையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எண்ணைத் தாளில் நேரத்தோடு குறித்துக்கொண்டே வரட்டும். பிறகு, குறித்த வரிசையிலேயே மூன்று பதிவுகளையும் வெட்டிச் சேர்த்துப் பாருங்கள். லேப்டாப் இருந்தால், ஓ.பி.எஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் நேரடியாகவே படத்தை மாற்றிப் பழகலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த வாரம் அதே பேட்டியை மீண்டும் எடுக்கும்போது, போனைப் பிடித்தவர் இயக்குநராகட்டும். இயக்குநராக இருந்தவர் போனைப் பிடிக்கட்டும்.