கட்டுப்பல் வித்வான்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. சொல் போனாலும் மனிதன் எப்படியோ காலந்தள்ளி விடுகிறான். தாத்தாவின் பொக்கை வாய்ப் பேச்சைக் கேட்டுப் பேரன் பேத்திகள் சிரிக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் பித்தளைக் குழல் ஊதி வயிறு வளர்ப்பவனுக்கு முன்பல் போயிற்று என்றால், பிழைப்பே போயிற்று. அமெரிக்காவின் தென்பகுதியில் அப்படிப் பிழைப்பை இழந்து, பல வருஷ காலம் லாரி ஓட்டியும் கூலி வேலை செய்தும் ஜீவனம் நடத்தி, பிறகு பிறர் வாங்கிக் கொடுத்த பல்லையும் டிரம்பெட்டையும் கொண்டு மறுபடி ஊத வந்த ஒருவருடைய சரித்திரத்தை இங்கே எழுதப் புகுகிறோம். அவர் பெயர் வில்லி ஜான்ஸன். உலகம் அவரை 'பங்க்' ஜான்ஸன் என்றே அறியும்.

டிரம்பெட்டுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நாகஸ்வரத்தில் நாதம் பிறப்பது சீவாளியில். டிரம்பெட்டிலோ சீவாளி என்று தனியாக ஒன்று கிடையாது. ஊதுகிறவனுடைய உதடுகளே சீவாளி. சின்னஞ்சிறு பித்தளைக் கிண்ணம் ஒன்றை உதடுகளின்மேல் பொருத்தி, அவற்றை இறுக்கிக் காற்றைச் செலுத்தினால், வண்டின் சிறகைப் போல் உதடுகள் அதிர்கின்றன. ஏறக்குறைய ஐந்தடி நீளமுள்ள குழாய், மடித்து வளைத்துச் செய்யப்பட்டது, அந்த அதிர்வை நாதமாக்கி வெளியே அனுப்புகிறது. மேலே மூன்று பிஸ்டன்கள் இருக்கின்றனவே என்றால், அவை குழாயின் நீளத்தைக் கூட்டுவதற்காக ஏற்பட்டவை. நடுவில் உள்ளதை அழுத்தினால் நாதம் ஒரு ஸ்வர ஸ்தானம் இறங்கும், முதலாவது இரண்டு ஸ்தானம், மூன்றாவது மூன்று. பிஸ்டன்களைத் தொடாமலே உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஐந்தாறு ஸ்வரங்களை எழுப்பலாம். ஆகவே எந்த ஸ்வரம் வெளிவர வேண்டும் என்பதை விரலைவிட உதடுதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது. அந்த உதட்டுக்குப் பின்னால் சுவர்போல் நின்று தாங்குபவை முன்பற்கள். சுவர் இடிந்த பிறகு சித்திரம் எங்கே எழுதுவது?

கட்டுப்பல் வைத்துக் கொண்டால் தீர்ந்தது என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமன்று. மேல்வரிசைக் கட்டுப்பல் ஈற்றையும் அண்ணத்தையும் பற்றிக் கொண்டு நிற்பது. அதன்மேல் குழலை வைத்து அழுத்தினால் அசையும். ஊதுகிறவன் சிறு வயது முதல் பழகிய அழுத்தத்தை மறந்து, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பல் போகாமலே நாம் இதில் கொஞ்சம் அனுபவப்பட்டிருக்கிறோம். மாணவப் பருவத்தில் என்.சி.சி.யில் பியூகிள் ஊதுவது நம்முடைய கைங்கரியமாக இருந்தது. பியூகிளில் பிஸ்டன் கிடையாது. கீழ் ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம், அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் என்ற ஐந்தே ஸ்வரங்களில் அதன் உலகம் அடங்கிவிடும். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் அகப்படாததால், மறுபடியும் அதைக் கையில் எடுத்தோம். கீழ் ஸ்வரங்கள் மூன்றும் பழைய சிநேகிதர்களைப் போல் வந்தன. காந்தாரம் வருவதாகப் போக்குக் காட்டிற்று. மேல் பஞ்சமம் வரவேயில்லை. ஐந்து நிமிஷத்தில் உதடு மரத்துப் போய், காற்று கடைவாய் வழியாகப் புஸ்ஸென்று ஓடிற்று. பையன்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்வரம் இன்னது, அதற்கு உதடு இப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் நமக்குச் சிறிதும் மறக்கவில்லை. வாயைச் சுற்றியுள்ள தசைகள்தாம் மறந்துவிட்டன. தினம் கால்மணி நேரம், ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு என்று பழகி, மேல் பஞ்சமம் ஒழுங்காகத் திரும்புவதற்குள் இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்து ஸ்வரத்துக்கே இந்தப் பாடென்றால், பல்லும் இழந்து, ஐம்பது வயதையும் தாண்டி, ஜாஸ் சங்கீதத்தை முன்னின்று நடத்த வந்த ஜான்ஸனுடைய பாட்டை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஜான்ஸன் பிறந்தது நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். கல்யாணமானாலும், கருமாதியானாலும், திருவிழாவானாலும் பாண்டு வாத்தியம் இல்லாமல் எதுவும் நடவாத ஊர் அது. மயானத்துக்குப் போகும்போது மெதுவாக ஊதி அழவைத்து, திரும்பி வரும்போது துள்ளும் தாளத்தில் ஊதி ஆடவைப்பது அங்குள்ள கறுப்பின மக்களின் வழக்கம். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்து ஒரு தலைமுறையே ஆகியிருந்த காலம்; கறுப்பர்களுக்கு ரயிலில் தனி வண்டி, பள்ளியில் தனிக் கட்டடம் என்று லூயிஸியானாவில் சட்டம் போட்டு ஒதுக்கிக் கொண்டிருந்தார்கள். ஒதுக்கப்பட்ட அந்தத் தெருக்களிலேதான் ஜாஸ் பிறந்தது. அதன் ஆதி புருஷராகக் கருதப்படும் பட்டி போல்டன் 1907-ம் ஆண்டில் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931-ல் அங்கேயே காலமானார். அவர் ஊதியது ஒரு தட்டில்கூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வரிசையில் வந்தவர்களில் ஒருவர் ஜான்ஸன். 1910-க்களின் நடுவில் அவர் ஊரை விட்டுக் கிளம்பி, ஸர்க்கஸ்களோடும் நாடகக் கோஷ்டிகளோடும் அலைந்தார். அதற்குப் பிறகு இசைத்தட்டு யுகம் வந்தது. லூயி ஆர்ம்ஸ்டிராங் போன்ற இளைஞர்கள் வடக்கே சென்று உலகப் புகழ் அடைந்தார்கள். ஜான்ஸனைத் தேடி எந்தக் கம்பெனியும் வரவில்லை.

1931-ம் ஆண்டில் லூயிஸியானாவில் ரெயின் என்ற சிற்றூரில் ஒரு நடனக் கச்சேரி நடந்தது. எவன் தாமஸ் என்பவருடைய கோஷ்டியில் ஜான்ஸனும் இருந்தார். கச்சேரி நடக்கும்போதே ஒருவன் தாமஸைக் கத்தியால் குத்திக் கொன்றான். அந்த அமளியில் ஜான்ஸனுடைய குழல் நாசமாயிற்று. அதை ஒட்டிய வருஷங்களில் பற்களும் போயின. நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய சமயம் அது. புதுக் குழலுக்கும் பல்லுக்கும் எங்கே போவது? நியூ ஐபீரியா என்ற ஊரில் அவர் ஒடுங்கினார். அங்கே கரும்பும் நெல்லும் விளையும் பருவத்தில்தான் வேலை. லாரி ஓட்டினால் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் டாலர் கூலி, அதுவும் நிரந்தரமில்லை.

1938-ம் ஆண்டு வாக்கில் சில எழுத்தாளர்கள் ஜாஸின் பூர்வ சரித்திரத்தை எழுத முற்பட்டார்கள். பிரெடெரிக் ராம்ஸே, வில்லியம் ரஸ்ஸல் முதலியோர் அவர்களில் முக்கியமானவர்கள். ஆர்ம்ஸ்டிராங்கையும், கிளாரினெட் வித்வான் சிட்னி பெஷேயையும் அவர்கள் விசாரித்தபோது, பழைய நியூ ஆர்லியன்ஸில் பங்க் ஜான்ஸன் என்றொருவர் அபாரமாக ஊதுவார் என்ற சேதி வெளிவந்தது. விலாசம் தேடிப் பிடித்துக் கடிதம் எழுதினார்கள். பதில் வந்தது. பழைய கதைகளையெல்லாம் எழுதிவிட்டு, பல்லும் ஒரு குழலும் கிடைத்தால் இன்னமும் தம்மால் ஊத முடியும் என்று ஜான்ஸன் தெரிவித்திருந்தார். 1939-ல் அவர்கள் புத்தகம் வெளியாயிற்று. எழுத்தாளர்களும் சங்கீதக்காரர்களும் பணம் திரட்டினார்கள். பல்லைக் கட்டிக் கொடுத்தவர் சிட்னி பெஷேயின் தமையனாரான லெனார்ட் பெஷே. அவர் பல் வைத்தியர். ஒரே குடும்பத்தில் ஒருவர் ஊதுகிறவராகவும், மற்றொருவர் ஊதுகிறவர்களுக்குப் பல் கட்டுகிறவராகவும் அமைந்தது ஈசுவர ஸங்கல்பம் என்றே சொல்ல வேண்டும்.

1942-ம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு வாத்தியக் கடையில் வைத்து அவருடைய முதல் இசைத்தட்டுகள் பதிவாயின. ஆர்ம்ஸ்டிராங்கின் இடி முழக்கத்தை எதிர்பார்த்து அவற்றைக் கேட்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஜான்ஸன் குறைவாக ஊதுகிறார். பாட்டின் முதுகெலும்பை மட்டும் நிதானமாக வைத்துவிட்டு, கிளாரினெட்டும் டிராம்போனும் விளையாட இடம் விட்டு ஒதுங்கிக் கொள்கிறார். சில இடங்களில் ஸ்வரம் நழுவுகிறது. உதட்டில் பலமில்லாமையால் இப்படி ஊதினாரா, இதுதான் பழைய நியூ ஆர்லியன்ஸ் பாணியா என்று விமரிசகர்கள் வெகுகாலம் சண்டை போட்டார்கள். இரண்டும் இருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். மேல் ஸ்தாயிக்கு ஏற முடியாதவன் கீழே உள்ள ஸ்வரங்களை ஜாக்கிரதையாகப் பொறுக்கி எடுக்கக் கற்றுக் கொள்கிறான்.

1944-ல் ரஸ்ஸல் மறுபடி வந்து, சான் ஜஸிண்டோ மண்டபத்தில் ஏராளமான பாட்டுகளைப் பதிவு செய்து, சொந்தக் கம்பெனியின் பேரால் வெளியிட்டார். 1945-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜான்ஸனும் அவருடைய கோஷ்டியும் நியூயார்க்குக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஸ்டைவெஸண்ட் காஸினோ என்ற நடனசாலையில் கச்சேரி. கிளாரினெட்டுக்கு ஜார்ஜ் லூயிஸ், டிராம்போனுக்கு ஜிம் ராபின்ஸன், டிரம்முக்கு பேபி டாட்ஸ். பத்திரிகைகள் எழுதின, கூட்டம் திரண்டது. அதே வருஷத்தில் அதே நகரத்தில் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சார்லி பார்க்கரும் ஜாஸையே தலைகீழாக மாற்றிக் கொண்டிருந்தார்கள். புதுமைக் கட்சியாருக்கு ஜான்ஸன் ஒரு மியூஸியம் பொருள். பழமைக் கட்சியாருக்கோ அவர் வேதம்.

இடையில் மாட்டிக் கொண்ட மனிதர் என்ன நினைத்தார் என்பதைக் கேட்க அதிகம் பேர் இல்லை. அதுதான் இந்தச் சரித்திரத்தில் நம் மனத்தை உறுத்துகிறது. பல்லும் குழலும் வாங்கிக் கொடுத்தவர்கள் நல்லவர்கள்; அவர்கள் இல்லாவிட்டால் அவர் கரும்புக் காட்டிலேயே மடிந்திருப்பார். ஆனால் அவர்களுக்கு வேண்டியது 1905-ம் வருஷம். அந்த வருஷத்துப் பாட்டுகளை, அந்த வருஷத்து முறையில், நொட்டேஷன் பார்க்காமல் காதால் கேட்டு ஊத வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். ஜான்ஸனோ நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. ரேடியோவில் அன்றன்று வரும் பாட்டுகளை ஊத அவருக்கு ஆசை. தமக்கு அமைந்த கோஷ்டியினர் நெருக்கடிக்குக் கிடைத்தவர்கள் என்ற கருத்துப்பட அவர் பேசியதும் உண்டு. அவர்களோ பிற்காலத்தில் உலகமெங்கும் பெயர் வாங்கியவர்கள்! சுபாவமும் சாந்தமானதன்று. குடி வேறு. சில இரவுகளில் அற்புதமாக ஊதுவார். சில இரவுகளில் ஊதுவதாகப் பெயர் பண்ணுவார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே தானமே பல்தான். பிடித்துப் பார்த்துக் கொண்டிருந்தவர்களோ கொடுத்தவர்கள்.

வயது விஷயம் ஒன்று இருக்கிறது. தாம் பிறந்தது 1879-ல் என்று ஜான்ஸன் சொல்லி வந்தார். அப்படியானால் பட்டி போல்டனுடைய கோஷ்டியில் ஆரம்ப காலத்திலேயே ஊதியிருக்கலாம். பிற்கால ஆராய்ச்சியாளர்கள் பழைய ரிக்கார்டுகளைப் புரட்டி, அவர் சுமார் பத்து வருஷம் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஆர்ம்ஸ்டிராங்குக்குத் தாமே கற்பித்ததாகவும் சொன்னார். ஆர்ம்ஸ்டிராங்கோ ஜோ ஆலிவரே தமது ஆசான் என்று கூறி வந்தார். இதற்காக ஜான்ஸனைப் பொய்யர் என்று தூற்றியவர்கள் பலர். நமக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. சினிமாவில் சேரப் போகிறவர்கள் வயதைக் குறைத்துச் சொல்வதை உலகம் மன்னித்து விடுகிறது. பழமையை மட்டுமே விலை கொடுத்து வாங்குகிறவர்களிடம் சரக்கு விற்க வந்த ஏழை, தன் வயதைக் கூட்டிச் சொன்னால் என்ன?

1947-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று நாட்களில், நியூயார்க்கில் அவருக்குக் கடைசி வாய்ப்பு வந்தது. இம்முறை பக்கவாத்தியக்காரர்களை அவரே தேர்ந்தெடுத்தார். எல்லோரும் கச்சிதமாக நொட்டேஷன் படிப்பவர்கள். பாட்டுகளும் அவர் விருப்பப்படியே அமைந்தன. ஒரு பாதி, நியூ ஆர்லியன்ஸ் பாண்டுக்காரர்கள் 'சிவப்பு அட்டைப் புத்தகம்' என்று அழைத்த தொகுப்பிலிருந்து ராக்டைம் உருப்படிகள்; மறுபாதி, நடனசாலைகளில் ஜனங்கள் விரும்பிக் கேட்ட சாதாரணப் பாட்டுகள். பழமைக் கட்சியார் ஆசைப்பட்டதைவிடப் பழையதும், அவர்கள் ஒதுக்கியதைவிடச் சாமானியமானதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஸ்காட் ஜாப்ளின் 1902-ல் வெளியிட்ட 'தி எண்டர்டெய்னர்' அவற்றில் ஒன்று. 1973-ல் ஒரு சினிமாவின் மூலம் அந்த மெட்டு உலகமெல்லாம் பரவியதற்கு இருபத்தாறு வருஷம் முன்பே கட்டுப்பல்லோடு அவர் அதை ஊதிவிட்டார். முதல் தட்டுகளில் கேட்கும் தயக்கம் இதில் இல்லை. நாதம் உருண்டு திரண்டு வருகிறது. மேலே போக வேண்டிய இடத்தில் போகிறார்.

தட்டு வெளிவருவதை அவர் பார்க்கவில்லை. 1948-ம் ஆண்டின் கடைசியில் பக்கவாதம் கண்டு, 1949-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி நியூ ஐபீரியாவில் காலமானார். பிறகுதான் கொலம்பியா கம்பெனியார் அதைக் கடைசி சாஸனம் என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டார்கள்.

சென்ற மாதம் நம் பியூகிள் மாணவர்களை உட்கார வைத்து, 1942-ம் வருஷத்துப் பதிவு ஒன்றையும் 1947-ம் வருஷத்துப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினோம். எதற்காக என்று சொல்லவில்லை. இரண்டும் முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "ஸார், முதலில் ஊதினவர் கிழவர், இரண்டாவதாக ஊதினவர் அவருடைய பிள்ளையா?" என்று கேட்டான்.