பாட்டு பிறந்த கதை – 7: நகங்கள் போட்ட தாளம்

சினிமாப் படப்பிடிப்பில் காத்திருப்பதுதான் பாதி வேலை. விளக்கை மாற்றுவார்கள், கேமராவை நகர்த்துவார்கள். நடிகர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 1980-ல் ‘நைன் டு ஃபைவ்’ (9 டு 5) என்ற ஹாலிவுட் படப்பிடிப்பில் அப்படிக் காத்திருந்த அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், தன் நீளமான அக்ரிலிக் நகங்களை ஒன்றோடொன்று உரசித் தட்டிக்கொண்டிருந்தார். டைப்ரைட்டர் ஓடுவது போலவே ஒரு சத்தம் வந்தது. அவருக்கு அது முதல் படம். கதை நடப்பதோ டைப்ரைட்டர்கள் வரிசையாக இருக்கும் ஓர் அலுவலகத்தில். நகத்தின் தாளத்தில் ஒரு மெட்டு பிடிபட்டது. மெட்டுக்கு வரிகள் வந்தன. ஒவ்வொரு சரணமாகச் சேரச் சேர, செட்டில் வேலை பார்த்த பெண்களிடம் பாடிக் காட்டினார். ஒலிப்பதிவிலும் அதே நகங்கள் வாசித்தன. இசைத்தட்டு உறையில் மற்ற வாத்தியக்காரர்களின் பெயர்களோடு, நகங்களை வாசித்தவர் டாலி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ரசமான கதைதான். ஆனால் 45 ஆண்டுகளுக்குப் பிறகும் பெண்கள் கூடும் இடங்களில் இது ஒலிக்கக் காரணம் நகம் மட்டும் அல்ல. ‘9 டு 5’ என்ற அதன் தலைப்பு டாலியின் கற்பனையில் உதித்ததும் அல்ல. அது பாஸ்டன் நகரத்துக் குமாஸ்தாப் பெண்கள் தங்கள் சங்கத்துக்கு வைத்த பெயர்.

1970-களின் தொடக்கத்தில் கேரன் நஸ்பாம், எலன் கேசடி என்ற இரு தோழிகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தார்கள். ஒருநாள் அறைக்குள் வந்த ஒருவர், மேஜையில் உட்கார்ந்திருந்த கேரனை நேருக்கு நேர் பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லையா என்று கேட்டாராம். கேரன் பல பேட்டிகளில் சொன்ன சம்பவம் இது. மேஜை, டைப்ரைட்டர், ஃபைல் அலமாரி எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். நாற்காலியில் இருந்த பெண் மட்டும் படவில்லை.

1972 டிசம்பரில் இவர்களும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு செய்தி மடல் அச்சடித்தார்கள். காலையில் வேலைக்குப் போகிற பெண்களின் கையில் அதைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ‘9 டு 5’ என்ற அமைப்பு உருவானது. அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வேலைக்குப் போன பெண்களில் மூன்றில் ஒருவர் அலுவலகக் குமாஸ்தா. ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர் தன் கையாலேயே பழக்கிவிட்ட புதுப் பையன், சில மாதங்களில் அவருக்கே மேலதிகாரி ஆவான். கர்ப்பம் என்று தெரிந்தால் சீட்டைக் கிழிக்கலாம். அதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1978-ல்தான் வந்தது. காபி போடுவது, முதலாளி மனைவிக்குப் பரிசுப் பொருள் வாங்கி வருவது எல்லாம் சொல்லாமலே வேலையில் அடங்கும்.

பாஸ்டன் பெண்கள் இதைச் சிரிக்க வைத்தே அம்பலப்படுத்தினார்கள். மிக மோசமான முதலாளி யார் என்று போட்டி வைத்தார்கள். கிழிந்த கால்சட்டையைப் போட்டபடியே நின்று, அதைச் செக்ரட்டரியைக் கொண்டு தைக்க வைத்த ஒருவரின் கதை இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஒவ்வோர் ஏப்ரலிலும் வரும் செக்ரட்டரிகள் தினத்தில் அலுவலகங்கள் பூங்கொத்து கொடுப்பது வழக்கம். ரோஜா வேண்டாம், சம்பளத்தை உயர்த்து என்பது இவர்களின் கோஷம். கூச்சலும் கிண்டலும் மட்டுமே இருந்திருந்தால் ஒரு வருடத்தில் ஓய்ந்திருக்கும். இவர்கள் வழக்குப் போட்டார்கள், சம்பளப் பாக்கி வாங்கிக் கொடுத்தார்கள், 1975-ல் ஒரு பெரிய தொழிற்சங்கத்தின் கீழ் 925 என்ற எண்ணோடு தனிக் கிளையே தொடங்கினார்கள்.

கேரனுக்கு நடிகை ஜேன் ஃபோண்டா தோழி. வியட்நாம் போர் எதிர்ப்பு இயக்கத்தில் ஏற்பட்ட நட்பு. கேரன் சொன்ன அலுவலகக் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ஃபோண்டா படம் எடுக்க முடிவு செய்தார். கிளீவ்லாந்து நகரில் அமைப்பைச் சேர்ந்த பெண்களைச் சந்தித்துப் பேசியபோது, முதலாளியைத் தீர்த்துக்கட்டுவதாக எப்போதாவது கற்பனை செய்ததுண்டா என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு கற்பனை கொட்டியது. திரையில் படத்தின் நாயகிகளான மூன்று பெண்களும் தங்கள் முதலாளியை விதவிதமாக ஒழித்துக்கட்டுவதாகக் கனவு காணும் காட்சிகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பிரசங்கம் செய்யும் படமாக இருக்கக் கூடாது, நகைச்சுவைப் படமாகவே இருக்க வேண்டும் என்று ஃபோண்டா முடிவெடுத்தார். மிகச் சரியான முடிவு.

பிறகு படத்தில் தன்னோடு நடித்த நகைச்சுவை நடிகை லிலி டாம்லினின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஃபோண்டா காரில் திரும்பும்போது வானொலியில் டாலியின் குரல் கேட்டது. மூன்றாவது செக்ரட்டரி கிடைத்துவிட்டார் என்று ஃபோண்டாவுக்குத் தோன்றியதாம். தலைப்புப் பாட்டைத் தானே எழுதுவதாக இருந்தால் நடிக்கிறேன் என்று டாலி நிபந்தனை போட்டார். சினிமா எப்படி எடுப்பார்கள் என்று தெரியாததால், தன் வசனத்தை மட்டுமல்ல, எல்லாருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றார்.

அலுவலக வேலை டாலிக்குத் தெரியாது. அதிகாரம் பண்ணும் ஆணின் கீழ் வேலை செய்வது நன்றாகவே தெரியும். டென்னஸி மாநிலத்தின் மலைப்பகுதியில் பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவதாக 1946-ல் பிறந்தவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் காசுக்குப் பதில் ஒரு மூட்டை சோள மாவு கொடுத்தார்கள். 1964-ல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறினார். போர்ட்டர் வாகனர் என்ற பெரிய பாடகரின் டி.வி. நிகழ்ச்சியில் 1967 முதல் ஏழு ஆண்டுகள் பாடினார். விலகிப் போக அவர் விடவில்லை. டாலி விலகிய பிறகு, 1979-ல், 30 லட்சம் டாலர் கேட்டு வாகனர் வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிய பாட்டு இது. அடுத்தவர் மூளையை உறிஞ்சி மேலே ஏறுகிற முதலாளியைப் பற்றிப் பாடும்போது டாலியின் குரலில் வரும் அழுத்தம், நடிப்புக்காக வந்ததாகத் தோன்றவில்லை.

பாட்டை ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பியானோ ஒரே சுருதியில் விடாமல் குத்துகிறது, அலாரம் அடிப்பதுபோல. சரணம் காலையில் விழுந்தடித்து எழுவதில் தொடங்கிச் சமையலறைக்குப் போகிறது. அங்கிருந்து நெரிசலான சாலைக்கு. பல்லவி வந்ததும் பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து ஊர்வலம் போலாகிவிடுகிறது. வார்த்தைகளில் இருப்பது ஆற்றாமை. மெட்டில் இருப்பது கொண்டாட்டம். சோகமான மெட்டில் இதே வரிகளைப் போட்டிருந்தால் ஒப்பாரியாகியிருக்கும். இன்னொரு விஷயம்: பாட்டு முழுவதும் தேடினாலும் பெண் என்ற சொல் கிடையாது. ஹெலன் ரெட்டி 1972-ல் பாடிய ‘ஐ ஆம் உமன்’ தலைப்பிலேயே அறைகூவல் விட்டது. டாலி சம்பளத்தையும், கிடைக்காத பாராட்டையும், மேலே ஏற விடாத படிக்கட்டையும் பற்றி மட்டுமே பாடினார். லாரி ஓட்டுகிறவர் பாடினாலும் பொருந்தும். ஆனால் நியாயம் கேட்கும் குரல் ஒரு பெண்ணுடையது. தொழிலாளி என்று சொன்னதும் மனக்கண்ணில் ஆண் மட்டுமே வந்த காலத்தில், லிப்ஸ்டிக் பூசி, ஹை ஹீல்ஸ் போட்ட ஒரு பெண் எல்லாத் தொழிலாளிகளின் சார்பாகவும் பாடினார். இந்தப் பாட்டின் உண்மையான துணிச்சல் அதுதான்.

டாலியின் களமான, நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசையில் பெண்கள் அதற்கு முன் வாய் திறக்காமல் இல்லை. ஆண்கள் செய்யும் துரோகத்துக்குப் பெண்ணைப் பழிப்பதா என்று கேட்டு 1952-ல் கிட்டி வெல்ஸ் பாடினார். அதை ஒலிபரப்பத் தடை போட்டார்கள், ஆனாலும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. கருத்தடை மாத்திரையைப் பற்றி லொரெட்டா லின் 1975-ல் பாடியபோதும் பல வானொலி நிலையங்கள் கதவை மூடின. டாலியின் பாட்டுக்கு அந்தக் கதி வரவில்லை. 1980 நவம்பரில் வெளிவந்த பாட்டு, அடுத்த ஜனவரியில் கன்ட்ரி பட்டியலிலும் பிப்ரவரியில் பாப் பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது. ஒரே பாட்டால் இரண்டு பட்டியலிலும் முதலிடம் பிடித்த பெண் அதற்கு முன் ஒருவர்தான்: 1968-ல் ஜீனி சி. ரைலி. இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. ஆஸ்கருக்கும் பரிந்துரையானது; விருது ‘ஃபேம்’ பாட்டுக்குப் போனது.

அதே நேரத்தில் பிரிட்டனிலிருந்து ஷீனா ஈஸ்டன் பாடிய இன்னொரு பாட்டு வந்தது. அதற்கும் பெயர் ‘9 டு 5’. குழப்பம் வரக் கூடாதென்று அமெரிக்காவில் ‘மார்னிங் ட்ரெய்ன்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டார்கள். 1981 மே மாதம் அதுவும் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில் வேலைக்குப் போவது ஆண். பெண் வீட்டில் அவன் வரும் ரயிலுக்காகக் காத்திருக்கிறாள். ஒரே தலைப்பு, ஒரே ஆண்டு, இரண்டுமே முதலிடம். கேட்க இனிமையான பாட்டுதான் அதுவும். ஆனால் எந்த ஊர்வலத்திலும் யாரும் அதைப் பாடுவதில்லை.

டாலியின் பாட்டு ஊர்வலத்துக்குப் போனதற்குக் காரணம், அது வந்தபோதே எடுத்துக்கொண்டு போக ஆட்கள் தயாராக இருந்தார்கள் என்பதுதான். படம் 1980 டிசம்பர் 19-ல் வெளியாகி, அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கேரன் நஸ்பாம் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார். அதற்கு முன்பு, அலுவலகத்தில் பாகுபாடு உண்டா என்பதிலிருந்தே விவாதத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. படமும் பாட்டும் அந்தக் கேள்வியை முடித்துவைத்துவிட்டன, இனி என்ன செய்வது என்று பேச முடிந்தது என்பது அவருடைய கருத்து. பின்னாளில் அவரே அமெரிக்கத் தொழிலாளர் துறையில் பெண்கள் பிரிவின் தலைவரானார்.

பாட்டுக்கு இன்னும் வயதாகவில்லை. 2009-ல் பிராட்வேயில் இசை நாடகமானது. பாடல்கள் அனைத்தும் டாலியுடையவை. அதிபர் வேட்பாளராக முயன்ற எலிசபெத் வாரனின் பிரசார மேடைகளில் இதுதான் நுழைவுப் பாட்டு. 2021-ல் ஸ்குவேர்ஸ்பேஸ் நிறுவனத்தின் விளம்பரத்துக்காக டாலியே ‘5 டு 9’ என்று மாற்றிப் பாடிக் கொடுத்தார். ஐந்து மணிக்கு வேலை முடிந்த பிறகு சொந்தத் தொழில் ஆரம்பியுங்கள் என்கிறது அது. பலருக்குக் கோபம் வந்தது, வந்திருக்க வேண்டியதுதான். எட்டு மணி நேரம் உழைத்தும் போதாத சம்பளத்தைத் தட்டிக்கேட்ட பாட்டை, இன்னும் நான்கு மணி நேரம் உழை என்று சொல்ல வைத்தது நியாயமில்லை. மறு ஆண்டு, இந்தப் படத்தைப் பற்றிய ஓர் ஆவணப் படத்துக்காக கெல்லி கிளார்க்சனோடு சேர்ந்து டாலி மூலப் பாட்டை மெதுவாக, ஏக்கத்தோடு பாடினார். கொண்டாட்டம் உதிர்ந்து, வரிகளின் வலி மட்டும் அதில் தெரிகிறது.

டாலி தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ளத் தயங்கியவர். அதில் ஏமாற்றம் அடைந்தவர்கள் உண்டு. ஆனால் தன் பாடல்களின் உரிமையைத் தன் கையிலேயே வைத்திருந்தவர்; தன் பாடல் ஒன்றின் பாதி உரிமையைக் கொடுத்தால் அதை எல்விஸ் பிரெஸ்லி பாடுவார் என்று வந்த பேரத்தை அழுதுகொண்டே மறுத்தவர். அடையாளப் பெயரைவிட அந்த மறுப்புக்குக் கனம் அதிகம்.

படத்தின் முடிவில் மூன்று பெண்களும் அலுவலகத்தையே மாற்றிவிடுகிறார்கள். வேலை நேரத்தை வசதிக்கேற்ப வைத்துக்கொள்ளலாம், ஒரே வேலையை இருவர் பகிர்ந்துகொள்ளலாம், அலுவலகத்திலேயே குழந்தைகள் காப்பகம் உண்டு. நிறுவனத்தின் தலைவர் வந்து பார்த்து எல்லாவற்றையும் பாராட்டுகிறார். சம வேலைக்குச் சம ஊதியம் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். படம் வந்த 1980-ல் அமெரிக்காவில் முழுநேர வேலை பார்த்த ஆண் ஒரு டாலர் சம்பாதித்தபோது பெண்ணுக்குக் கிடைத்தது சுமார் 60 சென்ட். 2023-ல் அது சுமார் 83 சென்ட்.

(தொடரும்)