மாவோரி மொழி: மண்ணோடு சேர்ந்த வழக்கு

பழங்குடி மொழிகள் அழிவது காலத்தின் போக்கு என்று பலரும் நம்புகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மொழியைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. 1840-இல் பிரிட்டிஷ் அரசோடு வைத்தாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானபோது நிலத்தின் பெரும்பகுதி மாவோரிகளிடம் இருந்தது. எங்கும் அவர்கள் மொழியே புழங்கியது. பிறகு போரும் பறிமுதலும், பொது நிலத்தைத் தனித்தனிப் பட்டாவாக்கி விற்க வழிசெய்த சட்டங்களும் வந்தன. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளை ஆங்கிலத்துக்கு மாற்றியது. தாய்மொழியில் பேசியதற்காக அடிவாங்கிய பிள்ளைகள் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போனவர்களின் வீடுகளிலும் மொழி தேய்ந்தது. தன் மலை, தன் ஆறு, தன் முன்னோர் என்று சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது அவர்கள் மரபு. மலையும் ஆறும் பிறர் கைக்குப் போனபின் அந்த அறிமுகத்துக்கு என்ன பொருள்?

பெற்றோரே ஆங்கிலத்தை விரும்பினார்களே என்று கேட்கலாம். விரும்பினார்கள்தான். ஆனால் நிலம் போய், கூலி வேலை ஒன்றே வழியான பிறகு எடுத்த முடிவை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? இன்று பெரும்பாலான மாவோரிகள் நகரவாசிகள், மொழிக்கு மண் எதற்கு என்பது இன்னும் வலுவான கேள்வி. பாட்டி தாத்தாக்கள் மாவோரியிலேயே பேசி வளர்க்கும் முதல் மழலையர் பள்ளி, 1982-இல், வெலிங்டனை ஒட்டிய வைனுயோமாட்டா என்ற புறநகரில்தான் தொடங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த எழுச்சியைப் பாருங்கள். 1972-இல் மொழிக்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றம் சேர்ந்தது. 1975-இல், எண்பதை நெருங்கிய வினா கூப்பர் என்ற மூதாட்டியின் தலைமையில் நில உரிமைக்காக வடகோடியிலிருந்து தலைநகர்வரை மக்கள் நடந்தார்கள். ஒப்பந்த மீறல்களை விசாரிக்கும் வைத்தாங்கித் தீர்ப்பாயம் அதே ஆண்டு அமைந்தது. நிலத்துக்காக வாதாடிய அந்த மன்றத்தில்தான் 1985-இல் மொழிக்கான வழக்கும் ஏறியது. ஒப்பந்தம் காப்பதாக வாக்களித்த செல்வங்களில் மொழியும் ஒன்று என்று 1986-இல் தீர்ப்பாயம் சொன்னது. மறு ஆண்டே மாவோரி ஆட்சிமொழியானது.

வெற்றி முழுமையானதல்ல, 2018 கணக்கெடுப்பில் மாவோரி பேசுவோர் நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேர்தான். ஆனாலும் திசை மாறிவிட்டது. 2017-இல் வாங்கானுயி ஆற்றுக்குச் சட்டப்படி ஆளுக்குரிய தகுதி கிடைத்தது. அதன் சார்பில் பேசும் இருவரில் ஒருவரை அரசும், மற்றவரை அந்த ஆற்றின் மக்களும் முன்மொழிகிறார்கள். பழங்குடி மொழிகளைக் காக்க அகராதியும் ஒலிப்பதிவும் அவசியம். ஆனால் அவற்றுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் அந்தப் பழங்குடி மக்களின் நில வழக்குகளை முதலில் தீர்க்கட்டும்.