சேதநனின் சக்தியும் மனோவிருத்திகளும்

ஜீவனுக்கு ஒன்றைச் செய்யும் வல்லமை உண்டா, உண்டெனில் அது யாருடையது என்பது வேதாந்த விசாரத்தின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று. ப்ரஹ்மஸூத்ரம் இரண்டாம் அத்யாயத்தின் மூன்றாம் பாதத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் இதற்கு இரு படிகளில் விடை அருளுகிறார். ஜீவன் கர்த்தாவே, அன்றேல் விதிப்பதும் விலக்குவதுமான சாஸ்திரம் பயனற்றதாகும். ஆயினும் அந்தக் கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம். ஜீவன் செய்யும் முயற்சியை நோக்கி, அதற்கு அனுமதி தந்து நடத்துகிறான் எம்பெருமான்.

சக்தி என்பது நம் ஸித்தாந்தத்தில் பத்து அத்ரவ்யங்களுள் ஒன்று. காரணப் பொருளைக் காரணமாக்கும் தர்மம் அது. மனிதனிடத்தில் வல்லமை மனத்தின் பல நிலைகளாக வெளிப்படுகிறது. ஆசை, ஸங்கல்பம், ஐயம், ச்ரத்தை, உறுதி, நாணம், அச்சம் முதலிய யாவும் மனமே என்று ப்ருஹதாரண்யகம் ஓதும். மனம் கருவியாக, இச்சை முதலிய இவை தர்மபூதஞானம் ஒன்றின் அவஸ்தாபேதங்களே என்பது விசிஷ்டாத்வைத நிர்வாஹம். அந்த ஞானம் கர்மத்தால் சுருங்கும், விரியும். ஆகவே ஒருவன் மேதையாகவும் மற்றொருவன் மந்தனாகவும் காணப்படுவது ஆத்மஸ்வரூபத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு அன்று.

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரம் இதற்குச் சான்றாகும். ஸ்வாமி தேசிகன் (1268–1369) இங்கு ஔஷதகிரியில் கருடமந்த்ரத்தை ஜபித்து ஹயக்ரீவனின் அருளைப் பெற்றார் என்பது ஸம்பிரதாயம். தேவநாயகனை வடமொழி, ப்ராக்ருதம், தமிழ் என மூன்று மொழிகளிலும் பாடிய அந்தக் கவிதார்க்கிகஸிம்ஹம், தம் வாக்வைபவத்தைப் பரிமுகன் தந்த கொடையாகவே கொண்டார்.

பெரிய திருமொழியில் இத்தலத்துப் பதிகத்தை அடுத்து வருவது தில்லைத் திருச்சித்திரகூடப் பதிகம். உணவை விட்டு உடலை வாட்டும் தவம் வேண்டா, சித்திரகூடம் சென்று சேருங்கள் என்று திருமங்கையாழ்வார் அங்கே உபதேசிக்கிறார்.

அப்படியானால் வல்லமையின்மையே மேலானதோ எனில், அன்று. ப்ரபத்திக்கு அதிகாரம் ஆகிஞ்சந்யம். ஆனால் அதை உணர்வதும் ஞானத்தின் செயலே. கல்லும் அசக்தமே, எனினும் கல் சரணம் புகுவதில்லை. தன் இயலாமையை அறிந்து, 'காப்பான்' என்னும் மஹாவிச்வாஸத்தோடு பரத்தை ஸமர்ப்பிப்பவன் சேதநன் ஒருவனே. எம்பெருமான் அவனுக்கு அளித்த சக்தி பொருள் பெறுவது அங்கேதான்.