வீட்டிலேயே தீரும் காசநோய்: 193 நோயாளிகள் தந்த வழி

நாகூரில் ஒருவருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தால், இன்று அவர் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை வாங்கிக்கொண்டு, வீட்டில் பிள்ளைகளோடு இருந்தபடியே பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகிவிடலாம். இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர்கள், ஆராய்ச்சியில் பங்கேற்ற சென்னை நோயாளிகள்.

1950களில் காசநோய் என்றாலே சானடோரியம்தான். மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. ஆனால், நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எந்த மூலைக்கு? வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தால் என்ன? வீட்டாருக்குத் தொற்றிக்கொள்ளுமா?

விடை தேடி 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் ஆண்டு முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் சிகிச்சை முடிவு வெளியானது. சானடோரியக் காலம் உலகெங்கும் முடிவை நோக்கி நகர்ந்தது.

நாம் சோதனை எலியா?

இன்று ஆராய்ச்சிக்கு அழைத்தால் பலருக்கும் முதலில் வருவது இந்தப் பயம்தான். நியாயமான பயம். அதற்கான பாதுகாப்பு, 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளில் இருக்கிறது. நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் சோதனை நடத்தக் கூடாது. ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த முடியாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

புதிய மருந்து எனக்குக் கிடைக்குமா, அல்லது குலுக்கலில் வேறு பிரிவுக்குப் போவேனா? பக்க விளைவுகள் என்ன? இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? பாதிப்பு வந்தால் நடு இரவில் யாரைக் கூப்பிடுவது? மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேட்டில் இந்தச் சோதனை இருக்கிறதா? மருந்துச் சோதனைகளுக்கு அந்தப் பதிவு 2009 முதல் கட்டாயம். யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள்: ஆராய்ச்சி என்பது விடை தெரியாத கேள்வி. அதில் சேர்பவருக்கே பலன் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த பிள்ளையிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரிந்து சம்மதித்தால் அது கொடை. புரியாமல் வாங்கிய கையெழுத்து அநியாயம். அந்த 193 பேரின் பெயர் நமக்குத் தெரியாது. நாகூரில் ஒரு தாய் தன் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டு எழுந்து நடமாடுகிறாள் என்றால், அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.