முதியோருக்கான குழு உடற்பயிற்சி

முதியோருக்கான குழு உடற்பயிற்சி என்பது, உடல் தளர்ந்த முதியோருக்கு இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் சிறு குழுவாக அளிக்கப்படும் மறுவாழ்வுப் பயிற்சி ஆகும். கீழே விழுவதைத் தடுப்பதும், எழுதல், நடத்தல், குளித்தல் போன்றவற்றைப் பிறர் துணையின்றிச் செய்ய உதவுவதும் இதன் நோக்கங்கள்.

முதுமைத் தளர்ச்சி

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர் குழுவினரும் 2001-இல் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், கைப்பிடி வலுவிழத்தல், சோர்வு, மெதுவான நடை, குறைந்த உடலுழைப்பு. இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி எனக் கொள்ளப்படும். தசைகளுக்கு முறையாக வேலை கொடுத்தால் இந்நிலை ஓரளவு சீராகக்கூடும்.

பயிற்சி முறை

நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து அமர ஆகும் நேரம் முதலில் அளக்கப்படுகிறது. 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. பின்னர் உட்கார்ந்து எழுதல், குதிகால் உயர்த்துதல், நாற்காலியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்றல், அடிமேல் அடி வைத்து நடத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. எண்ணிக்கை படிப்படியாகக் கூட்டப்படும்.

65 வயதைக் கடந்தோர் சமநிலை, தசை வலுப் பயிற்சிகளை வாரம் 3 நாட்களாவது செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. உடற்பயிற்சியால், வீடுகளில் வாழும் முதியோர் கீழே விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைவதாக 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு தெரிவிக்கிறது. குழுவாகச் செய்யும்போது பேச்சுத்துணை கிடைக்கிறது. பயிற்சியை இடையில் கைவிடாமல் தொடரவும் அது உதவுகிறது. நிற்கவே தடுமாறுவோருக்குத் தனிப் பயிற்சி தேவை.

தமிழ்நாட்டில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் மருத்துவர் வ. செ. நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். நடமாட முடியாதோருக்கு இது பயன்படுகிறது. வெளியே வர இயன்றோருக்குக் குழுப் பயிற்சி பொருந்தும்.

விருதுநகர் மாவட்டத்தில்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி வேலைகள் பல தரையில் அமர்ந்தே செய்யப்படுகின்றன. மணிக்கணக்கில் கை மட்டும் இயங்க, கால்கள் மடங்கியே இருக்கும். இவ்வாறு உழைத்து முதுமை அடைந்தோருக்குத் தொடைத் தசை வலு, முழங்கால் மடக்குதல், முதுகு நிமிர்த்தல் ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. முழங்கால் வலி உள்ளோர் நாற்காலிப் பயிற்சியில் தொடங்கலாம்.

வீட்டார் வேலைக்குச் சென்ற பின் தனித்திருக்கும் முதியவர் விழுந்தால், மாலை வரை எவரும் அறியாமல் போகக்கூடும். எனவே தரையிலிருந்து ஒருக்களித்து, முழங்காலூன்றி, கட்டிலைப் பிடித்து எழும் முறையையும் கற்பிப்பது இன்றியமையாதது.

கவனிக்க வேண்டியவை

கோடை வெயில் கடுமையான இம்மாவட்டத்தில் காலை வேளையே பயிற்சிக்கு ஏற்றது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யலாகாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். தசை வளர்ச்சிக்குப் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவும் தேவை.